சைக்கிள் வாங்கேக்க ஸ்ரிக்கரை மட்டும் பாக்காதேங்கோ

கிளிநொச்சியில எண்டாலும் புதுக்குடியிருப்பில எண்டாலும் சைக்கிள் கடைக்குள்ள போற சனம் முதல் கேக்கிறது "இது எந்த நாட்டுச் சாமான்?" எண்டுதான். நல்ல கேள்வி. ஆனா பிறேமில ஒட்டின ஸ்ரிக்கர் அதுக்கு அரைப் பதில்தான் சொல்லும். லுமாலாக் கொம்பனி பாணந்துறையில, ஹீரோக் கொம்பனி இந்தியாவில லுதியானாவில, ஆனா செயின், சில்லுக்கு நடுவில இருக்கிற ஹப், பிறேக், கியர் எண்டு ஒவ்வொண்டும் வேற வேற நாட்டில செய்து ஒரு இடத்தில வந்து பூட்டுப்படலாம். 2013 இல ஐரோப்பிய ஒன்றியம் சீனச் சைக்கிளுக்குப் போட்டிருந்த 48.5 வீத வரியை இலங்கையில இருந்து போற சைக்கிளுக்கும் நீட்டினது, சீனச் சைக்கிள் வரிக்குத் தப்ப இலங்கையால சுத்தி வருது எண்டதுதான் அவை சொன்ன காரணம், அதை எதிர்த்து எங்கட நாட்டுக் கொம்பனி ஒண்டு கோட்டுக்கும் போனது. 2022 இல டொலர் 200 ரூபாயில இருந்து 360 ஐத் தாண்டேக்க உள்ளூர்ச் சைக்கிளும் விலை ஏறினதுக்கு, சாமான் வெளிநாட்டில இருந்து வாறதும் ஒரு காரணம், பெற்றோல் கியூவில நிண்ட சனமெல்லாம் சைக்கிளைத் தேடினது மற்றது.

அப்ப என்னத்தைப் பாக்கிறது? சைக்கிளைக் கவிட்டுப் போட்டு பெடல் அச்சுக்குக் கீழ பாருங்கோ. அனேகமா பிறேம் நம்பர் அதிலதான் அடிச்சிருக்கும், குழாயள் எல்லாம் வந்து சேருற இடமும் அதுதான். வெல்டிங் சின்னச் சின்னச் செதிலா ஒரே சீரா அடுக்கின மாதிரி இருந்தா நல்ல கை. கட்டி கட்டியா இருந்தாலோ, இடைவெளியைப் பெயின்ற் மூடியிருந்தாலோ விட்டிடுங்கோ, கிரவல் றோட்டில வெடிக்கிறது அப்பிடியான இடம்தான். பிறகு பின் சில்லுக் கம்பியை இரண்டு இரண்டாச் சேத்து நசிச்சுப் பாருங்கோ, ஒரு பக்கத்துக் கம்பியெல்லாம் ஏறக்குறைய ஒரே இறுக்கமா இருக்கவேணும். நெல்லு மூட்டை ஏத்துறதெண்டால் 28 இஞ்சிப் பழைய மொடல்தான் நல்லம், அதின்ர பின் சில்லில வழமையா 40 கம்பி. இடம்பெயரேக்க முழு வீட்டையும் கரியரில கட்டி உருட்டின சனம் நாங்கள், அந்தக் கம்பியின்ர பெறுமதி எங்களுக்குத் தெரியும்.

முக்கியமானது இனித்தான். காசு குடுக்க முதல் உங்கட சந்தியில சைக்கிள் திருத்திற அண்ணையிட்டப் போய் இந்த மொடலுக்குச் சாமான் இருக்கோ எண்டு கேளுங்கோ. என்ர மகளுக்கு நான் வடிவைப் பாத்து ஒரு கியர் சைக்கிள் எடுத்துக் குடுத்தன், மாரி மழைச் சேத்துக்குள்ள கியர் மாத்திற கை முறிஞ்சுது, சாமான் கொழும்பில இருந்துதான் வரவேணும் எண்டிட்டினம், மூண்டு கிழமை பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு நடந்தவள். இந்தியப் பழைய மொடலுக்கு அந்தக் கரைச்சல் இல்லை, ஒரு கொம்பனியின்ர அச்சும், அச்சுக் குண்டு ஓடுற கப்பும் மற்றதுக்கும் கனக்கப் பொருந்தும், அதாலதான் சின்னக் கடையிலயும் சாமான் கிடக்கு, அதாலதான் இண்டைக்கும் விலைப்படுது.

வாங்கி இரண்டு கிழமை ஓடினாப்பிறகு கம்பியையும் அச்சையும் ஒருக்கா இறுக்குவியுங்கோ, புதுச்சைக்கிள் எந்த நாட்டில இருந்து வந்தாலும் அது இளகும்.