இடைவிடாமையைச் சொல்லும் ஆங்கிலம்: சீனமொழி பேசுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இடைவிடாத செயலை ஆங்கிலத்தில் சொல்ல முற்படும்போது நேரும் பிழைகளில் முதலில் கவனிக்க வேண்டியது, 'தொடர்ந்து' என்று பொருள்படும் 'யீஜீ' என்னும் சீனச் சொல்லால் விளைவது. நேற்று மாலை முழுவதும் படித்துக்கொண்டே இருந்ததைச் சீனத்தில் அச்சொல்லைக் கொண்டே சொல்லிவிடலாம். அகராதிகள் அதற்கு 'ஆல்வேஸ்' என்ற பொருளையும் தருவதால், கற்பவர் 'ஐ வாஸ் ஆல்வேஸ் ரீடிங் லாஸ்ட் ஈவினிங்' என்று எழுதிவிடுகிறார். ஒரு மாலைப்பொழுதின் இடைவிடாமைக்கு 'ஆல்வேஸ்' பொருந்தாது. 'ஐ வாஸ் ரீடிங் ஆல் ஈவினிங்' என்பதே இயல்பு. மேலும், 'ஹி இஸ் ஆல்வேஸ் டாக்கிங்' போன்ற தொடரில் பெரும்பாலும் சலிப்பு தொனிக்கும் என்பதால், நண்பரின் பேச்சுத்திறனைப் பாராட்ட எண்ணியவர் அறியாமலேயே அவரைக் குறைகூறியவராகிவிடுவார்.

அடுத்தது, 'அடுத்தடுத்து' என்று பொருள்படும் 'லியன்ஷூ'. சீனத்தில் இது நாள்களின் எண்ணிக்கைக்கு முன்னால் வருவதால், 'கன்டின்யுவஸ் த்ரீ டேஸ்' என்ற பிழை பிறக்கிறது. மூன்று நாளும் அடுத்தடுத்து மழை பெய்தது என்றால் 'த்ரீ டேஸ் இன் எ ரோ' என்றோ, எழுத்து நடையில் 'த்ரீ கன்செக்யூடிவ் டேஸ்' என்றோ சொல்ல வேண்டும். அந்த நாள்களில் மழை விட்டுவிட்டுப் பெய்திருக்கலாம். 'கன்டின்யுவஸ் ரெயின்' என்றாலோ, அது நிற்கவே இல்லை என்று பொருள்.

'கன்டின்யுவஸ்', 'கன்டின்யுவல்' என்னும் இரண்டையும் சீனத்தின் 'பூதுவான்' ஒன்றே தாங்கிக்கொள்கிறது. முன்னது திறந்துவிட்ட குழாய்நீர் போன்றது. பின்னது அடிக்கடி வந்து வேலையைக் கெடுக்கும் தொலைபேசி அழைப்பு போன்றது. ஆங்கிலேயரே இவற்றைக் குழப்பிக்கொள்வதுண்டு. ஆகவே இதற்காக அதிகம் வருந்த வேண்டியதில்லை.

வினைவடிவத்தில் நேரும் பிழையே உண்மையில் கடுமையானது. மூன்று மணி நேரம் காத்திருந்ததாகச் சொல்லும் சீன வாக்கியத்தில் வினையை அடுத்து 'ல' என்னும் அசை வரும்; வாக்கியத்தின் இறுதியில் இன்னொரு 'ல' சேர்ந்தால், காத்திருப்பு இன்னும் தொடர்கிறது என்று பொதுவாகப் பொருள்படும். ஆங்கிலத்தில் அந்த ஓர் அசையின் வேலையைச் செய்ய வினையே மாற வேண்டும்: 'ஐ வெயிட்டட்' என்பது முடிந்த கதை, 'ஐ ஹாவ் பீன் வெயிட்டிங்' என்பது முடியாதது.

'நான்-ஸ்டாப்' என்பதைச் சீன வழக்கப்படி வினைக்கு முன்னால் வைக்காமல், 'ஹி டாக்ட் நான்-ஸ்டாப்' என்று பின்னால் வைக்க வேண்டும். 'த்ரீ அவர்ஸ் ஸ்ட்ரெய்ட்' என்பதில் 'ஸ்ட்ரெய்ட்' வருவதும் கால அளவுக்குப் பின்னரே. வழி கேட்டவரிடம் 'நேராகப் போங்கள்' என்று சொல்லவும் சீனத்தில் 'யீஜீ'தான் வருகிறது என்பதால், 'நேராக' என்றும் பொருள்படும் 'ஸ்ட்ரெய்ட்' என்ற இந்த ஒரு சொல் மட்டும் சீனமொழி பேசுவோருக்கு எளிதில் பிடிபட்டுவிடும்.