பச்சை விளக்கை நம்பாதீங்க, விடியறதுக்குள்ள அளந்துடுங்க

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் வீடு. சுற்றிலும் சில்வர் ஓக். காற்று பலமாக அடித்தால் கிளை முறிந்து கம்பி மேல் விழும், கரண்ட் போகும், சில சமயம் மறுநாள்தான் வரும். அதனால் கூரையில் இரண்டு சோலார் பேனல், திண்ணை ஓரத்தில் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி, அதாவது இன்வெர்ட்டருக்குப் போடும் ஆசிட் பேட்டரி, இரண்டு; ஒன்றோடொன்று சீரீஸில் கோர்த்து 24 வோல்ட். பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று பார்க்க, மாட்டிக் கொடுத்த தம்பி சொல்லிவிட்டுப் போனது ஒன்றுதான்: "நாலு பச்சை எரிஞ்சா ஃபுல்லுங்கம்மா."

கார்த்திகை மூடுபனியில் அந்தப் பச்சை எங்களை நன்றாக ஏமாற்றியது. அஞ்சு நாள் வெயில் முகமே தெரியவில்லை. மத்தியானம் லேசாக வெளிச்சம் வந்தால் நாலும் எரியும், ராத்திரி எட்டு மணிக்கு இன்வெர்ட்டர் கத்தும். சார்ஜ் ஏறும்போது வோல்டேஜ் தூக்கும், லோடு இழுக்கும்போது இறங்கும். அந்த விளக்குக்கு வோல்டேஜ்தான் தெரியும், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது.

நான் பள்ளிக்கூட லேபில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். அளக்காமல் எதையும் நம்ப மாட்டேன். இப்போது வாரம் ஒரு நாள், ராத்திரி படுக்கும்போது லோடையும் இபி சார்ஜிங்கையும் அணைத்துவிடுவேன். காலையில் பேனல் மேல் வெளிச்சம் படுவதற்கு முன்னால், அஞ்சரை மணிவாக்கில், டிஜிட்டல் மல்டிமீட்டரோடு போவேன். மொத்த 24-ஐப் பார்த்துப் பிரயோஜனமில்லை, ஒன்று நொண்டினால் இன்னொன்று மறைத்துவிடும். ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

நெட்டில் கிடைக்கிற அட்டவணையில் 12.7 வோல்ட் என்றால் ஃபுல் என்று போட்டிருக்கும். அது பெரும்பாலும் கார் பேட்டரிக் கணக்கு. நம் ஊர் டியூபுலரில் ஆசிட் கிராவிட்டி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) குறைவு. ஃபுல் சார்ஜில், 27 டிகிரியில், 1.240 என்று என் பேட்டரி லேபிளிலேயே இருக்கிறது. ஒரு பேட்டரிக்குள் ஆறு செல். அதனால் கிராவிட்டியோடு 0.84 கூட்டி ஆறால் பெருக்கினால், ராத்திரி முழுக்க ஓய்ந்த பேட்டரியின் வோல்டேஜ் கிட்டத்தட்ட வந்துவிடும். 1.240 என்றால் 12.48, அதுதான் ஃபுல். 1.180 என்றால் 12.12, ஏறக்குறைய பாதி. அதற்குக் கீழே நான் இறக்குவதில்லை, வானத்தைப் பார்த்து உட்காராமல் இபியில் சார்ஜ் போட்டுவிடுவேன். குறைந்த சார்ஜிலேயே நாள்கணக்கில் கிடந்தால் பிளேட்டில் சல்ஃபேட் இறுகிவிடும்.

மாசம் ஒரு தடவை ஹைட்ரோமீட்டர், ஆசிட் கிராவிட்டியை அளக்கும் மிதவைக் குழாய். செவ்வாய்ப்பேட்டைக்கு மளிகை வாங்கப் போனபோது வாங்கி வந்தது. கண்ணாடி மாட்டி, கையுறை போட்டு, வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பேன். பக்கத்தில் ஒரு டப்பா ஆப்ப சோடா, ஆசிட் தரையில் சிந்தினால் தூவ. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், வீட்டுக்காரரைப் பீடியோடு அந்தப் பக்கம் விடுவதில்லை.

ரப்பர் பல்பை அமுக்கி, முனையைச் செல்லுக்குள் விட்டு, மெதுவாகக் கையை எடுத்தால் ஆசிட் ஏறும், மிதவை தூக்கும். மிதவை கண்ணாடிச் சுவரில் ஒட்டினால் லேசாகத் தட்டுங்கள், குமிழி போகட்டும், கண்ணை ஆசிட் மட்டத்துக்கே கொண்டுபோய்ப் படியுங்கள். அந்தக் கார்த்திகை முடிந்து, நல்ல வெயிலில் ஃபுல் சார்ஜ் ஆன பிறகு முதல் தடவை இப்படிப் பார்த்தேன். ஒரு பேட்டரியில் ஐந்து செல் 1.230-ஐ ஒட்டி நின்றது, மூன்றாவது செல் மட்டும் 1.150. வோல்டேஜை மட்டும் பார்த்திருந்தால் எந்தச் செல் என்று பிடிபட்டிருக்காது. ஈக்வலைஸ் சார்ஜ் (எல்லா செல்லும் சமமாக வர, ஃபுல்லுக்கு மேலும் கொஞ்ச நேரம் ஏற்றுவது) கொடுத்ததில் 1.205 வரை ஏறியது. அதற்கு மேல் அசையவில்லை.

இரண்டு இடத்தில் கணக்குத் தப்பும். மார்கழிக் காலையில் எங்கள் திண்ணையில் பேட்டரி 15 டிகிரிதான் இருக்கும். குளிரில் ஆசிட் அடர்த்தியாகும், மிதவை கூடுதலாகக் காட்டும். 27-க்குக் கீழே ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 0.007 கழியுங்கள். அடுத்தது, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றின கையோடு அளக்காதீர்கள். தண்ணீர் மேலாகவே நிற்கும். ஒரு முழு சார்ஜ் ஏறிக் கலந்தபிறகு பாருங்கள்.

தினமும் குனிய முடியாதவர்கள் ஷண்ட் (ஓடும் கரண்டை அளக்க நடுவில் வைக்கும் துண்டு) வைத்த பேட்டரி மானிட்டர் போடலாம். போகிற வருகிற ஆம்பியரை எண்ணிக் கணக்கு வைக்கும். ஆனால் பேட்டரி நெகட்டிவில் அந்த ஷண்டைத் தவிர வேறு ஒயரே இருக்கக் கூடாது. எங்கள் மாட்டுக் கொட்டகை பல்பு ஒயர் நேராக பேட்டரியிலேயே இருந்தது. மானிட்டர் 80 சதவீதம் என்று சொன்ன அன்று மல்டிமீட்டர் 12.1 காட்டியது, ஒயரைத் தேடிப் பிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. செட்டிங்கில் சார்ஜ் எஃபிஷியன்சி 85 சதவீதத்தை ஒட்டி வையுங்கள், போட்டதெல்லாம் திரும்பி வராது.

லித்தியம் வாங்கினவர்களுக்கு மேலே சொன்ன வோல்டேஜ் கணக்கு உதவாது. இரும்பு பாஸ்பேட் வகையில் பாதி இருந்தாலும் முக்கால் இருந்தாலும் 13.2, 13.3 என்றே நிற்கும். அங்கே ஷண்டோ, பிஎம்எஸ் (பேட்டரியோடு வரும் கண்காணிப்பு சர்க்யூட்) ஆப்போதான் வழி. அந்தப் பேட்டரியையும் அவ்வப்போது ஃபுல்லாக ஏற விடுங்கள், அப்போதுதான் மானிட்டரின் எண்ணிக்கை 100-க்குத் திரும்பி வரும்.