மோதல் கணக்கில் ஒரு வரிக் குறுக்குவழி

பிளஸ் ஒன் பசங்க மோதல் கணக்கில் வழுக்குகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: மோதிய இரண்டும் ஒட்டிக்கொண்ட பிறகும் இயக்க ஆற்றலை (½ × நிறை × வேகம்²) முன்னும் பின்னும் சமன் போடுவது. ஒட்டினால் உந்தம் (நிறை × வேகம்) மட்டும்தான் மாறாது.

மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் 30 கிலோ தள்ளுவண்டி நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் உருளுகிறது என்று வையுங்கள். ஒருவர் 10 கிலோ வெங்காயப் பையை நேர் செங்குத்தாக அதற்குள் போடுகிறார். உந்தம் 60, மொத்த நிறை 40, ஆக வேகம் 1.5. வண்டியின் ஆற்றல் 60 ஜூல். இப்போது இரண்டுக்கும் சேர்த்தே 45தான். மீதி 15? பை பலகையில் சரக்கென்று தேய்ந்ததே, அந்தச் சூட்டில் போனது. (தரை உராய்வை விட்டுவிடுங்கள், கேள்வித்தாளும் விட்டுவிடும்.)

இதற்குக் குறுக்குவழி: மிஞ்சும் ஆற்றலின் பங்கு = ஓடி வந்த நிறை ÷ மொத்த நிறை. 30/40, முக்கால். முடிந்தது. ஆனால் மற்றது சும்மா நின்றிருந்தால்தான் இது செல்லும். இரண்டும் ஓடினால் பழையபடி உந்தத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

ஒட்டாத மோதலுக்கு கேரம் போர்டு போதும். பவுடர் தூவி, ஸ்ட்ரைக்கரை ஒதுக்கிவிட்டு, காயால் காயை நேராக அடித்துப் பாருங்கள். வந்தது ஏறக்குறைய அங்கேயே நின்றுவிடும், நின்றது கிளம்பிவிடும்.