பவர் பிஐ அறிக்கையில் தேதி வடிகட்டி: தோவாளைப் பூ வியாபாரக் கணக்கை முன்வைத்து

தோவாளைச் சந்தையில் பிச்சியும் மல்லிகையும் கேந்தியும் வாங்கி, களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பும் ஒரு மொத்த வியாபாரியின் விற்பனைப் பதிவு உங்கள் கையில் இருப்பதாகக் கொள்வோம். 'நேற்று எவ்வளவு போனது, இந்த ஓணத்துக்கு எவ்வளவு போனது' என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்தப் பதிவிலிருந்து விடை எடுக்க வேண்டும். தரவை அறிக்கையாக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளான பவர் பிஐயில், வேண்டிய நாட்களின் கணக்கை மட்டும் காட்டும் தேதி வடிகட்டியைத் திரையில் பொருத்துவது ஒரு நிமிட வேலைதான். ஆனால் எதை 'ஒரு நாள்' என்று எண்ணுகிறோம், எந்தக் காலத்தை எந்தக் காலத்தோடு ஒப்பிடுகிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் அந்த வடிகட்டி தவறான தொகையைத்தான் காட்டும்.

முதலில் தேதி நெடுவரிசையைச் சரிபார்க்க வேண்டும். பில் மென்பொருளிலிருந்து எக்செல் கோப்பாக வெளிவரும் தேதிகள் பெரும்பாலும் வெறும் எழுத்தாகவே இருக்கும். அவற்றைப் பவர் குவரி (பவர் பிஐயில் தரவை ஏற்றிச் சீராக்கும் பகுதி) மாதத்தை முதலில் வைக்கும் அமெரிக்க முறைப்படி படித்தால், 05/09/2025 என்பது செப்டம்பர் 5 ஆக இல்லாமல் மே 9 ஆக மாறிவிடும். நாள் எண் 12-ஐத் தாண்டிய வரிகள் பிழையாகக் கண்ணில் படும்; அந்த வகையில் அவை நமக்கு நன்மையே செய்கின்றன. ஓசையின்றி மாதம் மாறிவிடும் முதல் 12 நாட்களின் வரிகள்தான் ஆபத்தானவை. எனவே நெடுவரிசையின் தலைப்பை வலது சொடுக்கி, 'சேஞ்ச் டைப்' என்பதன் கீழ் உள்ள 'யூசிங் லோக்கேல்' என்பதைத் தேர்ந்து, வகையை 'டேட்' என்றும் வட்டாரத்தை 'இங்கிலீஷ் (இந்தியா)' என்றும் கொடுக்கவும். தேதியோடு நேரமும் சேர்ந்திருந்தால் இரண்டையும் தனித்தனி நெடுவரிசைகளாகப் பிரித்துக்கொள்ளவும். அதற்கான காரணம் அடுத்த படியில் விளங்கும்.

அடுத்ததாக ஒரு தேதி அட்டவணை தேவை. மென்பொருள் தானே மறைவாக உருவாக்கும் தேதி அட்டவணைகளை நம்பாமல், அமைப்புகளில் 'ஆட்டோ டேட்/டைம்' என்பதை அணைத்துவிட்டு, 'கேலண்டர்' என்ற சார்பை (கணக்கிடும் சூத்திரத்தை)க் கொண்டு சொந்தமாக ஒன்றை அமைப்பதே நல்லது. அதில் ஒரு நாளுக்கு ஒரு வரி வீதம், இடையில் ஒரு நாளும் விடுபடாமல், முழு ஆண்டுகள் இருக்க வேண்டும். சந்தை விடுமுறை நாட்களையும் நீக்கக் கூடாது. நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதால், நிதியாண்டுக்கென ஒரு நெடுவரிசையையும் சேர்த்துக்கொள்ளவும். ஆண்டுத் தொடக்கம் முதல் இன்றுவரையான கூட்டுத்தொகையைக் கணக்கிடும்போது மார்ச் 31 ஆண்டிறுதி என்று சார்புக்குச் சொல்லாவிட்டால், அது ஜனவரியிலிருந்து கூட்டும். பின்னர் இந்த அட்டவணையைத் 'தேதி அட்டவணை' எனக் குறித்து, விற்பனை அட்டவணையோடு தேதி வழியாக இணைத்து உறவுபடுத்தவும். விற்பனைத் தேதியில் நேரம் ஒட்டிக்கொண்டிருந்தால், அதிகாலை 3.10 மணி பில்லுக்கு இணையான வரி தேதி அட்டவணையில் இருக்காது என்பதால், அந்தத் தொகை 'பிளாங்க்' என்ற வெற்று வரியில் போய் விழும். நேரத்தைப் பிரிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஸ்லைசரை, அதாவது அறிக்கைத் திரையில் வைக்கும் வடிகட்டியை, எப்போதும் தேதி அட்டவணையின் நெடுவரிசையைக் கொண்டே அமைக்கவும். குறிப்பிட்ட இரு தேதிகளுக்கு இடைப்பட்ட விற்பனைக்கு 'பிட்வீன்' என்ற ஸ்லைசர் வகை போதும். பில் தேதி, வண்டி புறப்பட்ட தேதி, பணம் வந்த தேதி என மூன்று இருந்தால், ஒரே ஓர் உறவு மட்டுமே செயல்பாட்டில் இருக்க முடியும். மற்றவற்றை 'யூஸ் ரிலேஷன்ஷிப்' சார்பின் மூலம் தேவையான கணக்கில் மட்டும் அழைத்துக்கொள்ளலாம்.

இன்றைய தேதியை வைத்து நாட்களைத் தேரும் 'ரிலேட்டிவ் டேட்' வகையில்தான் பூ வியாபாரிக்குத் தொல்லை தொடங்குகிறது. 'இன்று', 'கடைசி 7 நாட்கள்' போன்ற தேர்வுகளைப் பவர் பிஐ உலகப் பொது நேரப்படியே கணக்கிடுகிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. ஆகவே நள்ளிரவு 12 மணி முதல் விடியற்காலை 5.30 வரை, அதாவது பூச்சந்தை சூடுபிடிக்கும் வேளையில், அறிக்கையைத் திறப்பவருக்கு 'இன்று' என்பது நேற்றைய தேதியாகவே தெரியும். காலை பத்து மணிக்குத் திறக்கும் அலுவலகத்தில் இந்தக் குறை யார் கண்ணிலும் படாது. இதைத் தவிர்க்க, தேதி அட்டவணையில் 'இன்றிலிருந்து எத்தனை நாள்' என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, உலகப் பொது நேரத்தோடு 5 மணி 30 நிமிடம் கூட்டிக் கிடைக்கும் தேதியை இன்றாகக் கொண்டு வேறுபாட்டைக் கணக்கிடவும். இன்றைக்கு 0 என்றும் நேற்றைக்கு -1 என்றும் அதில் பதிவாகும். வடிகட்டியில் அந்த எண்ணைத் தேர்ந்தால் போதும். இந்த நெடுவரிசை தரவு புதுப்பிக்கப்படும்போது மட்டுமே மாறும் என்பதால், புதுப்பிப்பு நேரத்தை இந்திய நேரப்படி நள்ளிரவு தாண்டியதும் நடக்குமாறு அமைக்க வேண்டும்.

அதிகாலை 2 மணிக்கு ஏற்றிய சரக்கு முந்தின நாள் கணக்கா, மறுநாள் கணக்கா என்பது மென்பொருளின் கேள்வியன்று. அதைக் கடைக்காரரிடம் கேட்டு, அவர் நோட்டில் எழுதும் முறைப்படியே 'வியாபார நாள்' என்று பவர் குவரியில் ஒரு நெடுவரிசை அமைத்து, உறவை அதனோடு வைக்கவும். அமைத்தபின் ஏதேனும் ஒரு நாளைத் தேர்ந்து, திரையில் வரும் தொகையை நோட்டோடு ஒத்துப்பார்க்கவும்.

ஓண ஒப்பீடு இதைவிடச் சிக்கலானது. ஓணத்தின் முக்கிய நாளான திருவோணம் 2023-இல் ஆகஸ்ட் 29, 2024-இல் செப்டம்பர் 15, 2025-இல் செப்டம்பர் 5 ஆகிய நாட்களில் வந்தது. முந்தைய ஆண்டின் அதே காலத்தை எடுத்துத் தரும் 'சேம் பீரியட் லாஸ்ட் இயர்' சார்பைக் கொண்டு 2024 செப்டம்பரை 2023 செப்டம்பரோடு ஒப்பிட்டால் விற்பனை பெருகியதுபோலத் தோன்றும்; உண்மையில் முந்தைய ஆண்டின் அத்தப்பூ (ஓணப் பூக்கோலத்துக்கான பூ) விற்பனை முழுவதும் ஆகஸ்ட்டிலேயே முடிந்துவிட்டது. 2025-லோ அது இரு மாதங்களிலும் பிரிந்து கிடக்கிறது. எனவே ஆண்டுவாரியாகத் திருவோணத் தேதியைக் குறித்த ஒரு சிறு அட்டவணையை அமைத்து, ஒவ்வொரு நாளும் அதிலிருந்து எத்தனை நாள் முன்பு அல்லது பின்பு என்பதைத் தேதி அட்டவணையில் எண்ணாக எழுதவும். நட்சத்திரக் கணக்கில் ஒரு நாள் கூடுவதும் உண்டாகையால், ஓணக் கொண்டாட்டம் தொடங்கும் அத்த நாளிலிருந்து முன்னோக்கி எண்ணாமல் திருவோணத்திலிருந்து பின்னோக்கியே எண்ண வேண்டும். வடிகட்டியில் -10 முதல் 0 வரை தேர்ந்து, ஆண்டுகளை அருகருகே வைத்தால் ஓண விற்பனை ஓண விற்பனையோடு ஒப்பிடப்படும். புதிய ஆண்டின் பஞ்சாங்கம் வந்ததும் அவ்வாண்டின் திருவோணத் தேதியையும் அந்தச் சிறு அட்டவணையில் சேர்த்துவிடவும்; சேர்க்காவிட்டால் அந்த ஆண்டு ஒப்பீட்டிலேயே வராது.