எந்த விளம்பரம் கூப்பிட வைக்கிறது? தனி நம்பர் போட்டுக் கண்டுபிடிக்கும் வழி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு விளம்பரச் செலவு இரட்டிப்பு. தமிழில் ஒரு நோட்டீஸ், மலையாளத்தில் ஒன்று. இரண்டிலும் ஒரே நம்பர் இருந்தால் எது ஆளைக் கூட்டி வந்தது என்று தெரியாது. வந்தவரிடம் கேட்டாலும் "யாரோ சொன்னாங்க" என்பார். அதனால் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தனி நம்பர் கொடுங்கள்.

1. இரண்டு சிம் வாங்குங்கள்

உங்களுடையது பந்தல், வாடகைப் பாத்திரக் கடை என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 9 இணைப்பு வரை வாங்கலாம், ஆனால் தொடக்கத்துக்கு இரண்டு போதும். பழைய நம்பர் பழைய வாடிக்கையாளர்களுக்கே இருக்கட்டும். அதை நோட்டீஸில் போடாதீர்கள்.

2. இரண்டையும் ஒரே போனில் போடுங்கள்

செட்டிங்ஸில் சிம்மின் பெயரை மாற்றலாம். ஒன்றுக்கு "தமிழ் நோட்டீஸ்", மற்றதற்கு "மலையாளம்" என்று வையுங்கள். மணி அடிக்கும்போதே எந்த சிம் என்று திரையில் தெரியும். ஒரு நம்பருக்கு வரும் அழைப்பை இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் கால் ஃபார்வர்டு மட்டும் வேண்டாம். கூப்பிட்டவர் நம்பர்தான் வரும், அவர் எந்த நம்பருக்கு அடித்தார் என்பது தெரியாமல் போய்விடும்.

3. ஒரே சமயத்தில், ஒரே அளவில் கொடுங்கள்

தமிழ் ஆடி மாதமும் மலையாளக் கர்க்கடக மாதமும் ஏறக்குறைய ஒரே நாட்கள்தான். இரண்டு பக்கமும் கல்யாணம் குறைவு. அப்போது அளந்து பயனில்லை. ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் தொடங்குங்கள்.

4. நோட்டில் எழுதுங்கள்

தேதி, எந்த சிம், எந்த ஊர், ஆர்டர் ஆனதா இல்லையா. இவ்வளவுதான். ஒரே ஆள் மூன்று தடவை கூப்பிட்டாலும் ஒன்றுதான். மிஸ்டு காலைத் திரும்பக் கூப்பிட்டு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. ஆர்டரை வைத்துக் கணக்குப் போடுங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். ஒவ்வொரு நோட்டீஸுக்கும் 3,000 ரூபாய் செலவு என்று வையுங்கள். தமிழ் நோட்டீஸைப் பார்த்து 30 பேர் கூப்பிட்டு 2 ஆர்டர். மலையாளத்தில் 12 பேர், 4 ஆர்டர். போன் அதிகம் அடித்தது தமிழுக்கு. ஆனால் ஓர் ஆர்டருக்கு ஆன செலவு அங்கே 1,500, மலையாளத்தில் 750. அடுத்த தடவை மலையாள நோட்டீஸைக் கூடுதலாக அடிக்கலாம். தமிழ் நோட்டீஸை உடனே நிறுத்த வேண்டாம். அதில் விலை சரியாகப் புரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

பஸ், கேபிள் டிவி, சுவர் என்று விளம்பரம் பெருகினால் சிம் இல்லாமல் இணையம் வழியாக இயங்கும் கிளவுட் நம்பர்களை மாத வாடகைக்கு எடுக்கலாம். எந்த நம்பருக்கு எத்தனை அழைப்பு என்ற பட்டியல் அதிலேயே கிடைக்கும்.

சுவரில் எழுதிய நம்பருக்கு மட்டும் ரீசார்ஜை விட்டுவிடாதீர்கள். சுவர் எழுத்து வருஷக்கணக்கில் இருக்கும். சிம் செத்துப்போனால் அந்த நம்பர் வேறொருவருக்குப் போய்விடும், உங்கள் கல்யாண ஆர்டரை அவர்தான் எடுத்துப் பேசுவார்.