வயலின் கூட்டத்தைக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: வேகம், ஸ்ருதி, மனநிலை

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் வயலினும் கீபோர்டும் கற்கும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களும் மேற்கத்திய செவ்வியல் பதிவுகளைத் தேடிப் போடுகிறார்கள். பதிவை ஓர் ஆப்பில் போட்டு வேகம், ஸ்ருதி, மனநிலை மூன்றையும் குறித்துக்கொள்வது பலரின் வழக்கம். டிரம்ஸ் உள்ள பாட்டுக்கு அது பெரும்பாலும் சரியாக வரும். தந்தி வாத்தியங்கள் மட்டுமே உள்ள பதிவில் மூன்றுமே தப்பிப் போகலாம். ஆப் மட்டுமல்ல, நம் காதும் ஏமாறும். மேலே பாடும் வயலின் பின்னாலேயே போய்விடுவதுதான் பெரும்பாலும் காரணம். அடியில் நகரும் செல்லோவையும் டபுள் பேஸையும் (வயலினைவிடப் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட வில் வாத்தியங்கள்) பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். டபுள் பேஸின் கீழ்க்கோடி ஒலி ஃபோன் ஸ்பீக்கரில் வராது.

முதலில் வேகம். ஜமாப் மேளமும் வள்ளி கும்மி ஆட்டமும் பழக்கிய காது நம்முடையது. நோம்பியில், அதாவது ஊர்த் திருவிழாவில், அடி எங்கே விழுகிறது என்று யாரும் தேடுவதில்லை. வில் இழுத்து எழும் ஒலி மெல்ல வளர்ந்து வரும். வெட்டென்ற தொடக்கம் இருக்காது. "இதுக்குத் தாளமே இல்லீங்களே" என்று சொல்வது அதனால்தான். தாளம் இருக்கிறது. அடிக்குரல் எப்போது ஸ்வரம் மாற்றுகிறது என்று கவனித்தால் தெரியும்.

இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் 'நான்கு பருவங்கள்' 1725இல் அச்சானது. அதில் குளிர்காலத்தின் நடுப்பகுதியை எடுத்துக்கொள்வோம். தனி வயலின் நிதானமாகப் பாட, மற்ற வயலின்கள் விரலால் சுண்டி மழைத்துளி போல ஒலிக்கின்றன. கூர்மையாகக் கேட்பது அந்தத் துளிதான். ஆப் அதைப் பிடித்துக்கொண்டு வேகத்தை இரட்டிப்பாகக் காட்டிவிடலாம். எண் வந்ததும் அதைப் பாதியாக்கித் தட்டிப் பாருங்கள், இரட்டித்தும் தட்டிப் பாருங்கள். எதில் உடம்பு இயல்பாக நிற்கிறதோ அதை எடுங்கள்.

இன்னொன்று, அந்த எண் அந்தப் பதிவுக்கு மட்டுமே உரியது. இசையமைப்பாளர் மாலரின் ஐந்தாம் சிம்பொனியில் தந்தி வாத்தியங்களும் ஒரு ஹார்ப்பும் மட்டும் வாசிக்கும் அடாஜியெட்டோ பகுதியை இசைக்குழு நடத்துநர் புரூனோ வால்ட்டர் 1938இல் ஏறக்குறைய 8 நிமிடத்தில் முடித்தார். 11 நிமிடத்தைத் தாண்டிய பதிவுகளும் உண்டு.

ஸ்ருதியில்தான் தவறுகள் அதிகம். கர்நாடக இசை பழகியவர்கள் தம்புராவைப் போல ஒரே ஆதார ஷட்ஜம் கடைசிவரை நிற்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். இங்கே ஆதாரமே நடுவில் இடம் மாறும். பல பாகங்கள் கொண்ட படைப்பு என்றால் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி ஸ்ருதி இருக்கலாம். விவால்டியின் 'குளிர்காலம்' பதிவின் அட்டையில் எஃப் மைனர் (எஃப் ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்ட மைனர் வரிசை) என்றுதான் இருக்கும். ஆனால் மழைத்துளிப் பகுதி இ பிளாட் மேஜர், அதாவது இரண்டரைக் கட்டை. சரி, கீபோர்டில் இரண்டரைக் கட்டை வைத்துக் கூடவே வாசித்தால் பொருந்தவில்லையா? நீங்கள் கேட்பது பழங்கால முறையில் வாசிக்கும் குழுவாக இருக்கலாம். இன்றைய பொது அளவு ஏ 440, அதாவது ஏ ஸ்வரம் நொடிக்கு 440 அதிர்வு. அத்தகைய குழுக்கள் பெரும்பாலும் 415இல் வைக்கின்றன. ஏறக்குறைய அரைக் கட்டை இறங்கி, காதுக்கு இரண்டு கட்டையாக விழும்.

ஜி மேஜருக்கும் இ மைனருக்கும் ஸ்வரங்கள் ஒன்றேதான். சங்கராபரணத்தின் தைவதத்தை ஷட்ஜமாக வைத்தால் நடபைரவி வருமே, அந்த உறவு. ஆப் இங்கே அடிக்கடி மாற்றிச் சொல்லும். டபுள் பேஸ் எந்த ஸ்வரத்தில் வந்து அமர்கிறது என்று கேளுங்கள். அதற்காகக் கடைசி ஒலியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாமுவேல் பார்பரின் தந்தி வாத்திய அடாஜியோ பி பிளாட் மைனரில் அமைந்தது, ஆனால் முடிவது எஃப் மேஜரில். வீடு திரும்பாமலே நின்றுவிடுகிறது. அந்தத் தவிப்பு அதன் உயிர். அதை எஃப் மேஜர் என்று குறித்தால் படைப்பையே தவறவிட்டதாகும்.

மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம் என்ற வாய்ப்பாடு மனநிலை விஷயத்தில் உதவாது. மாலரின் அடாஜியெட்டோ எஃப் மேஜர்தான். தன் மனைவியான ஆல்மாவுக்கு அவர் எழுதிய காதல் மடல் என்றே அதைப் பலரும் சொல்வார்கள். 1968இல் அமெரிக்க அரசியல்வாதி ராபர்ட் கென்னடியின் இறுதிச் சடங்கில் நடத்துநர் பெர்ன்ஸ்டைன் நடத்தி வாசிக்கப்பட்டதும் அதுவேதான். மெதுவாக வாசிக்க வாசிக்க அதில் துக்கம் ஏறுகிறது. வேகத்தைக் கவனிக்காமல் மனநிலையை எழுதக் கூடாது.

வீடியோ செய்பவர்கள் ஒலியோடு வரலாற்றையும் பார்க்க வேண்டும். பார்பரின் அடாஜியோ மேலை நாடுகளில் துக்க இசையாகவே நிலைத்துவிட்டது. 1945இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் இறந்தபோது வானொலியில் ஒலித்தது. அழகாக இருக்கிறதே என்று இணைச்சீர் (கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தாள் பங்கேற்கும் சடங்கு) காட்சிக்கு அதைப் போடாதீர்கள். அக்கா தம்பி பாசத்துக்குக் கனிவான இசை வேண்டும் என்றால் ஆங்கிலேய இசையமைப்பாளர் எல்கரின் 1892ஆம் ஆண்டு தந்தி வாத்திய செரனேடின் நடுப்பகுதியைக் கேட்டுப் பாருங்கள். பதிவின் அட்டையில் இ மைனர் என்று இருக்கும், அந்தப் பகுதி சி மேஜர்.