மாடிக்கு இன்னொரு ரவுட்டர் போடுவதற்கு முன்

கீழே ஹாலில் ஃபைபர் மோடம். மாடி அறையில் வைஃபை ஒரு கோடுதான் காட்டும். அலமாரியில் பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடந்தது. கீழிருந்து ஒரு கேபிளை இழுத்து அதில் சொருகினால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். முதல் நாள் நன்றாகவே ஓடியது. மறுநாளிலிருந்து ஆளுக்கொரு புகார். ஒருவர் போனில் நெட் வரும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வராது. கோடு மட்டும் முழுசாக நிற்கும். போனை அணைத்துப் போட்டால் சில சமயம் சரியாகும். கஸ்டமர் கேருக்கு இரண்டு முறை போன் செய்து சண்டை போட்டேன். தப்பு என்னுடையதுதான்.

போன் வைஃபையில் சேர்ந்ததும் "யாராவது எனக்கு ஒரு ஐபி எண் கொடுங்கள்" என்று நெட்வொர்க் முழுக்கக் கேட்கும்படி கூவும். நெட்வொர்க்கில் அதன் முகவரியான அந்த எண்ணைக் கொடுக்கும் ஏற்பாடுதான் டிஎச்சிபி. வெளியே போக எந்த கேட்வே, பெயர் தேட எந்த டிஎன்எஸ் என்பதையும் அதுவே சேர்த்துச் சொல்லும். இந்த வேலைக்கு இரண்டு பேர் நின்றால், பெரும்பாலும் முந்திப் பதில் சொன்னவர் கொடுத்ததைத்தான் போன் வாங்கிக்கொள்ளும். என் மாடி ரவுட்டர் முந்தியபோதெல்லாம் தன் எண்ணையே கேட்வே என்று கொடுத்திருக்கிறது. அதன் வேன் போர்ட்டிலோ, அதாவது இணையம் உள்ளே வர வேண்டிய துளையிலோ, ஒன்றுமே சொருகவில்லை. நான் கேபிளைச் சொருகியது வீட்டுச் சாதனங்களை இணைக்கும் லேன் போர்ட்டில். வந்த போன்கள் எல்லாம் முட்டுச்சந்தில் நின்றன.

லேன் போர்ட்டில் சொருகுவது தவறில்லை, ஆனால் மாடி ரவுட்டரில் டிஎச்சிபியை நிறுத்திவிட வேண்டும். அதிலும் வரிசை முக்கியம். கேபிளை இணைக்கும் முன்பே, முதலில் அதன் லேன் எண்ணை, அதாவது ரவுட்டரின் சொந்த ஐபி எண்ணை, மாற்றுங்கள். கீழே 192.168.1.1 என்றால் மேலே 192.168.1.2 கொடுக்கலாம், அந்த எண் கீழே உள்ள ரவுட்டர் பங்கிடும் வரம்புக்குள் வரக் கூடாது. அப்புறம்தான் டிஎச்சிபியை அணைக்க வேண்டும். முதலிலேயே அணைத்தால், உங்கள் லேப்டாப்புக்கு எண் கொடுக்க ஆள் இல்லாமல் செட்டிங்ஸ் பக்கமே திறக்காமல் போகலாம். லேப்டாப்பில் கையால் ஒரு எண் போட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டியிருக்கும்.

வேன் போர்ட்டில் சொருகினால் கதை வேறு. அப்போது டிஎச்சிபி ஓடட்டும், ஆனால் இரண்டு பக்கமும் ஒரே 192.168.1 வரிசையாக இருக்கக் கூடாது, மேலே 192.168.2 என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒரு எண் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று ரவுட்டருக்கே தெரியாது. இந்த முறையில் மேலிருந்து நெட் பார்க்கத் தடையில்லை. ஆனால் கீழே இருக்கும் போனின் கண்ணுக்கு மாடி பிரிண்டர் தெரியாது. அதனால் வீட்டுக்கு முதலில் சொன்ன லேன் போர்ட் முறையே நல்லது என்பேன்.

பிரிண்டர் என்றதும் இன்னொரு தவறு. அதற்கு கையால் 192.168.1.5 என்று எண் கொடுத்துவிடுவோம். ரவுட்டரோ 2 முதல் 254 வரை பங்கிட்டுக்கொண்டிருக்கும். பிரிண்டர் அணைந்திருக்கும் நேரம் விருந்தாளி ஒருவரின் போனுக்கு அதே 5 போய்விட்டால், இரண்டும் மோதும். பங்கிடும் வரம்பை 100 முதல் 200 என்று சுருக்கிவிட்டு, கையால் கொடுப்பதை 100க்குக் கீழே வையுங்கள். இல்லையென்றால் ரவுட்டரிலேயே மேக் எண்ணை (சாதனத்தின் அடையாள எண்) வைத்து, அதற்கு எப்போதும் ஒரே ஐபி எண் கிடைக்கும்படி 'அட்ரஸ் ரிசர்வேஷன்' செய்யலாம். போனுக்கு அப்படிச் செய்வதானால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 10, ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல் வைஃபைக்கு உண்மையான மேக் எண்ணுக்குப் பதில் ஒரு போலி எண்ணைக் காட்டும் வசதி வந்துவிட்டது. போனின் பெட்டியில் அச்சடித்த எண்ணைப் பார்த்து ரிசர்வ் செய்தால் பலிக்காது. ரவுட்டரின் பட்டியலில் தெரியும் எண்ணை எடுங்கள்.

கம்ப்யூட்டரில் 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால், கேட்டும் யாரும் எண் கொடுக்கவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். இணைய நிறுவனத்தைத் திட்டும் முன் கேபிளையும் டிஎச்சிபியையும் பாருங்கள்.

சிசிடிவியை வெளியிலிருந்து பார்க்க போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே கேமராவுக்குத் திருப்பும் அமைப்பு) போட்டுப் போட்டு அலுத்தவர்கள், ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் எண்ணை, அதாவது இணைய நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்த எண்ணைப் பார்க்கட்டும். 100.64 முதல் 100.127 வரையிலான தொடக்கம் என்றால், ஒரே பொது எண்ணின் பின்னால் நிறுவனம் பல வீடுகளை வைத்திருக்கிறது. உங்கள் ரவுட்டரில் எதை மாற்றினாலும் கதவு திறக்காது. தனி பொது ஐபி கேட்க வேண்டும், அல்லது கேமரா நிறுவனத்தின் கிளவுட் ஆப்பைப் பயன்படுத்த வேண்டும்.

எல்லாம் குழம்பியதும் பலரின் கை குண்டூசியை எடுத்துக்கொண்டு ரீசெட் துளைக்குப் போகும். பழைய ரவுட்டரில் அழுத்துங்கள், பரவாயில்லை. ஃபைபர் மோடத்தில் அழுத்தினால் நிறுவனத்தின் இணைப்பில் நுழைவதற்காக அவர்கள் போட்டுவைத்த பிபிபிஓஇ பயனர் பெயரும் வீலேன் எண்ணும் அழிந்துபோகலாம். அப்புறம் அவர்கள் ஆள் வரும்வரை வீட்டில் நெட் இல்லை. எதையும் மாற்றத் தொடங்கும் முன் அந்த வேன் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.